அழகிப் பட்டமும் வெல்லச் சட்டியும்

சென்ற வாரம் ஒரு நாள் பிற்பகல், ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு தேநீர்க் கடையோரம் நின்றுகொண்டிருந்தோம். முதல் ஷிப்டு முடிந்து வருவோரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போவோருமாகக் கடையில் கூட்டம். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. எந்த ஆலைக்கு எந்த நிறச் சட்டை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் அழகிப் போட்டிச் செய்தி ஒன்றைத் தோழர்களுக்குக் காட்டினார். உடனே பிறந்தது வழக்கு! பட்டம் வாங்கிவிட்டால் படம் தேடி வரும், பணம் கொட்டும், அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்கு வேறென்ன தெரிய வேண்டும் என்றார் ஒருவர். அழகு நாலு வருடத்துச் சரக்கு, கல்யாணம் ஆனால் கதை முடிந்தது என்றார் மற்றொருவர். கடைசியில் நம்மைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்லும்படி.

நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. நூதன் என்ற நடிகையைத் தெரியுமா என்று மட்டும் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. 'மின்சார கனவு' படத்தில் நடித்த கஜோலின் பெரியம்மா என்றதும் முகங்கள் மலர்ந்தன. அதற்குள் ஆலைப் பேருந்து வந்துவிட்டது. ஏறும்போதே ஒருவர், எழுதுங்கள், படிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே இந்தக் கட்டுரை.

இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றோர் வழி வந்த நாம், இந்திப் பட நடிகையின் வரலாற்றை எழுதுவதா என்று கேட்கும் தோழரும் இருக்கக்கூடும். நாம் எதிர்ப்பது திணிப்பை. கலைஞர்களோடு நமக்கு என்ன பகை? மேலும், நூதனின் தாய்மொழி இந்தியும் அல்ல, மராத்தி. பம்பாயில் பிறந்து, பிழைப்புக்காக இந்திப் படத்தில் நடித்தவர் அவர்.

1936-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிறந்தார் நூதன். தந்தை குமார்சேன் சமர்த், பட இயக்குநர். தாய் ஷோபனா சமர்த், 1943-இல் வந்த 'ராம் ராஜ்யா' படத்தில் சீதையாக நடித்து வடநாடெங்கும் பெயர் பெற்றவர். அவருடைய சீதை உருவத்தை நாட்காட்டியில் அச்சிட்டுச் சுவரில் மாட்டிய காலம் அது. தாய் சீதை, பேரழகி. மகளோ ஒல்லி, உயரம், கறுத்த நிறம். உறவினரே அந்தக் குழந்தையை அழகில்லாதவள் என்று கேலி பேசினார்கள். பிற்காலத்தில் அழகிப் பட்டம் பெறப்போகும் பெண்ணுக்கு வீட்டில் கிடைத்த முதல் பட்டம் இது! தாய்க்கும் தந்தைக்கும் ஒத்துவராமல் பிரிந்தார்கள். பிள்ளைகள் நால்வரில் மூத்தவர் நூதன். குடும்பத்தின் மூத்த பெண் என்றால் என்ன பொருள் என்பதை நம் வீடுகளில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

1950-இல், பதினான்கு வயதில் திரைக்கு வந்தார். படம் 'ஹமாரி பேட்டி', அதாவது எங்கள் மகள். எடுத்தவரும் இயக்கியவரும் தாயே. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் பெண்ணை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு 'நகீனா' என்ற படம். அச்சமூட்டும் படம் என்று தணிக்கைக் குழு வயது வந்தோருக்கு மட்டும் என முத்திரை குத்திவிட்டது. கதாநாயகி நூதனுக்கோ வயது பதினைந்து. தாம் நடித்த படத்தைத் தாமே பார்க்கக் கொட்டகைக்குப் போனவரை, வயது போதாது என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். உழைக்க வயது போதும், உழைப்பின் பயனைக் காண வயது போதாது!

அதே 1951-இல் வந்த 'ஹம் லோக்' படத்தை நாம் தனியே குறிப்பிட வேண்டும். ஜியா சர்ஹதி இயக்கியது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கிய ஓர் எளிய குடும்பத்தின் கதை. அண்ணனாகப் பல்ராஜ் சஹானி. காசநோயால் வாடும் தங்கையாக நூதன். மருந்து வாங்கக் காசில்லாத வீட்டில், நாடக மேடைக் கனவோடு இருமிக்கொண்டிருக்கும் பெண். அந்தப் படத்தில்தான் முதன்முதலாக, சீதையின் மகள் என்பதைத் தாண்டி ஒரு நடிகை இருக்கிறாள் என்று பார்த்தவர்கள் உணர்ந்தார்கள்.

பிறகு வந்தது பட்டம். 1952-இல் மசூரியில் நடந்த அழகிப் போட்டியில் நூதனுக்கு முடி சூட்டினார்கள். இந்திய அழகிகள் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது. அதே 1952-இல் இந்திய அழகியாகி, அமெரிக்காவில் நடந்த முதல் உலகப் பேரழகிப் போட்டிக்குப் போனவர் இந்திராணி ரஹ்மான் என்ற நடன மாது. அவர் பிறந்த ஊர் சென்னை என்பது நம் தோழர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். திருமணமாகிக் குழந்தையும் பெற்றவர் அவர். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். சென்னையில் பிறந்தவர் கடல் கடந்தார். பம்பாய்ப் பெண்ணைத் தாயார் படிக்க அனுப்பினார், சுவிட்சர்லாந்து நாட்டுக்கு. கற்றது கல்லூரிப் பாடமல்ல, உயர்குடிப் பெண்கள் நடை உடை பழகும் பள்ளி. அங்கிருந்த நாட்களே தம் வாழ்வின் இன்ப நாட்கள் என்று நூதன் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. கிண்டல் செய்ய அங்கே யாரும் இல்லை, சம்பாதித்துத் தா என்று கேட்கவும் யாரும் இல்லை.

திரும்பி வந்தவர் என்ன படத்தில் நடித்திருக்க வேண்டும்? உலக வழக்கப்படி, பட்டுப் புடவையும் பளபளப்புமாக ஒரு படம். வந்ததோ 1955-இல் 'சீமா'. அமிய சக்கரவர்த்தி இயக்கம். சிற்றப்பன் வீட்டில் எடுபிடியாக உழைக்கும் அநாதைப் பெண் கௌரி. திருட்டுப் பழி சுமத்தப்பட்டுச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே கண்ணாடிச் சன்னல்களை உடைக்கிறாள், கையில் கிடைத்ததை வீசுகிறாள், யாரையும் நம்ப மறுக்கிறாள். முகப்பூச்சு அதிகமில்லை, அழகு காட்டும் பாவனையும் இல்லை. கோபம், கோபம், மேலும் கோபம்! சீறும் பெண்ணைப் பார்த்துப் பழகாத படவுலகம் வியந்தது. சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருது வந்தது, அவர் பெற்ற ஐந்தில் முதலாவது.

எல்லாமே இப்படிப்பட்ட படங்கள் என்று சொன்னால் பொய்யாகும். 'பேயிங் கெஸ்ட்', 'அனாரி', 'தேரே கர் கே சாம்னே' என்று ஆடிப்பாடும் வேடிக்கைப் படங்களிலும் நடித்தார், நன்றாகவே நடித்தார். 1958-இல் 'தில்லி கா டக்' படத்தில் நீச்சலுடையில் தோன்றியபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கூச்சலிட்ட அதே பத்திரிகைகள்தாம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு விற்றன. அதை விட்டுவிடுவோம்.

1959-ஆம் ஆண்டை அப்படி விட்டுவிட முடியாது. அந்த ஆண்டில் பிமல் ராய் 'சுஜாதா' எடுத்தார். கதை தீண்டாமை பற்றியது. பொறியாளர் ஒருவரிடம் கூலி வேலை செய்த தாழ்த்தப்பட்ட குடும்பம் காலராவில் மடிகிறது. எஞ்சிய கைக்குழந்தையைப் பார்ப்பனப் பொறியாளர் குடும்பம் வளர்க்கிறது. வளர்க்கிறது என்றால்? சோறு உண்டு, துணி உண்டு, கூரை உண்டு. ஆனால் வருவோர் போவோரிடம் வீட்டுத் தலைவி அவளை அறிமுகம் செய்யும் போதெல்லாம் எங்கள் மகள் என்று சொல்வதில்லை, மகள் மாதிரி என்பாள். சொந்த மகள் கல்லூரிக்குப் போகிறாள், பூப்பந்து ஆடுகிறாள். இவள் அடுக்களையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறாள். அந்த 'மாதிரி' என்ற ஒரு சொல் படம் முழுவதும் முள்ளாகக் குத்துகிறது. நூதன் அந்தப் படத்தில் அதிகம் பேசவே இல்லை. குனிந்த தலை, பாதி நிமிர்ந்த கண், பதில் சொல்ல வாய் திறந்து மூடிக்கொள்ளும் உதடு, அவ்வளவுதான். தம் நிறத்தையும் இன்னும் கறுப்பாக்கிக்கொண்டு நடித்தார் இந்த அழகிப் பட்டக்காரி. தொலைபேசியில் காதலன் பாடுவதைக் கேட்டு, பதில் பேசாமல், கண்ணீரும் புன்னகையுமாக நிற்கும் ஒரு காட்சி போதும், நடிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள.

படத்தின் முடிவோடு நமக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். வளர்த்த தாய் கீழே விழுந்து அடிபட்டு உயிருக்குப் போராடுகிறாள். வீட்டில் மற்றவர் இரத்தம் பொருந்தவில்லை. சுஜாதாவின் இரத்தம் பொருந்துகிறது, கொடுக்கிறாள், தாய் மனம் மாறுகிறாள். நல்லெண்ணத்தோடுதான் எடுத்திருக்கிறார் பிமல் ராய், மறுக்கவில்லை. ஆனால் இரத்தம் கொடுத்தால்தான் மகளா? தன்மான இயக்கத்தின் பாசறையில் வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி எழாமல் இருக்குமா? மனிதராகப் பிறந்தது போதாதா, உயிரைக் காப்பாற்றியும் காட்ட வேண்டுமா? இருந்தாலும், தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்து நாலே ஆண்டில், வணிகப் படத்தில், கதாநாயகியே தாழ்த்தப்பட்ட பெண் என்று வைத்து எடுத்தது சாதாரணமல்ல. 1960-இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாப் போட்டிக்கும் போனது அந்தப் படம். நூதனுக்கு இரண்டாம் பிலிம்பேர் விருது.

அதே 1959 அக்டோபரில் திருமணம். கணவர் ரஜனீஷ் பெஹல், கடற்படை அதிகாரி. 1961-இல் ஆண் குழந்தை பிறந்தது. இனி நூதன் கதை முடிந்தது என்று படவுலகம் கணக்கெழுதி மூடியது. மணமான நடிகை கதாநாயகியாக நடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலாளிகளின் மனத்தில் எழுதிவைத்த சட்டம் அது. நூதனும் நடிப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்.

இந்த இடத்தில் நம் சாலைக்கு ஒரு நிமிடம் திரும்பி வருவோம். 2024-இல் ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? நம் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் கைப்பேசி பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்ற செய்தி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. ஆலைத் தரப்பு மறுத்தது, அந்த வழக்கின் உள்ளே நாம் போகவில்லை. ஆனால் மணமானவள் என்றால் வீட்டுப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, விடுப்பு, ஆகவே வேண்டாம் என்ற நினைப்பு இந்த வட்டாரத்தில் எங்குமே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர் யார்? தேநீர்க் கடையில் நம் தோழர் வாயிலும் அந்த நினைப்புத்தானே வந்தது! இந்தச் சாலையில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் 2021 டிசம்பரில், விடுதி உணவு உண்டு உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றபோது, பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்து நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அவர்களும் நாளை மணம் செய்துகொள்வார்கள். கையிலுள்ள தொழில் அன்றோடு மறந்துபோகுமா?

மறந்துபோகாது என்பதற்குப் 'பந்தினி' சாட்சி. சிறைப்பட்டவள் என்று பொருள். பிமல் ராய் நூதனைத் தேடிப் போய், நீங்கள் நடிக்காவிட்டால் இந்தப் படத்தையே எடுக்கமாட்டேன் என்ற நிலையில் நின்று ஒப்புக்கொள்ள வைத்தார். சிறைத்துறை அதிகாரியாக இருந்து, ஜராசந்தன் என்ற புனைபெயரில் எழுதிய வங்க எழுத்தாளரின் கதை. 1963-இல் படம் வந்தது. கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் கல்யாணி என்ற கிராமத்துப் பெண்ணாக நூதன். காசநோய் கண்ட கைதி ஒருத்திக்குப் பணிவிடை செய்ய யாரும் முன்வராதபோது இவள் முன்வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் 'ஹம் லோக்' படத்தில் இருமியவர், இங்கே இருமுபவளைத் தாங்கிப் பிடிக்கிறார்.

அந்தக் கொலைக் காட்சியை நம் வெல்டிங் தோழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தான் காதலித்தவனின் மனைவிக்கு, தன்னை நாளெல்லாம் ஏவி வதைக்கும் நோயாளிக்கு, கல்யாணி தேநீர் கலக்கிறாள். பக்கத்தில் நஞ்சுக் குப்பி. வெளியே எங்கோ பட்டறையில் இரும்பு அடிக்கும் ஓசை. பற்றவைப்பின் நீல வெளிச்சம் சன்னல் வழியே பளிச் பளிச்சென்று அவள் முகத்தில் விழுகிறது. ஒரு வசனமும் இல்லை. ஒளி விழும்போது ஒரு முகம், இருளும்போது ஒரு முகம். சம்மட்டி ஒவ்வோர் அடி விழும்போதும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று இறுகுகிறது. அந்த வெளிச்சத்தை நாள் முழுவதும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் நீங்கள். ஒரு பெண்ணின் மனம் உடையும் கணத்தைக் காட்ட அந்த வெளிச்சத்தை ஒருவர் பயன்படுத்தியிருக்கிறார் என்றால், அதன் அருமை உங்களுக்குத் தெரியும் அளவு வேறு யாருக்குத் தெரியும்? இந்திய நடிகை ஒருவரின் ஆகச் சிறந்த நடிப்பு இதுவே என்று சொல்வோர் உண்டு. நாம் சற்று வேறுபடுகிறோம், காரணம் பின்னே வரும். படத்தை எடுத்த பிமல் ராய் 1966-இல் மறைந்தார். அவர் இயக்கி வெளிவந்த கடைசிக் கதைப்படம் அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்க்காரர் மன்னிக்கமாட்டார்கள். நூதனுக்கு மணத்துக்குப் பின் தொடர்ந்து வேலை கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் சென்னைப் படக்காரர்கள். நம் நெடுஞ்சாலையில் கிழக்கே பூந்தமல்லி தாண்டிப் போனால் வருமே வடபழனி, அங்கே பெயர் பெற்றவர்கள். சிவாஜி கணேசனும் சரோஜா தேவியும் நடித்த 'பாகப் பிரிவினை' படத்தை 1965-இல் ஏ. பீம்சிங் இந்தியில் 'கான்தான்' என்று எடுத்தார். சரோஜா தேவியின் வேடம் நூதனுக்கு. 'படிக்காத மேதை' இந்தியில் 'மெஹர்பான்' ஆனது. அதிலும் நூதன். எல். வி. பிரசாத் தயாரித்து, ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கிய 'மிலன்' 1967-இல் வந்து அவருக்கு மற்றொரு பிலிம்பேர் விருதைத் தேடித் தந்தது. அதன் மூலம் தெலுங்கு 'மூக மனசுலு'. அதையே நம் சாவித்திரி அம்மையார் பின்னர் 'பிராப்தம்' என்று தமிழில் எடுத்துப் பொருள் இழந்தது வேறு கதை.

பொருள் என்றதும் நூதன் வாழ்வின் கசப்பான பக்கம் நினைவுக்கு வருகிறது. சிறு வயது முதல் அவர் சம்பாதித்ததைத் தாயார்தாம் பார்த்துக்கொண்டார். பிறகு வருமான வரித் தொல்லை வந்தது. சம்பாதித்த பணம் எங்கே, வரி யார் கட்டுவது என்ற கேள்வி தாய்க்கும் மகளுக்கும் இடையே சுவராக எழுந்தது. நீதிமன்றம் வரை போனார்கள். பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசவில்லை. காலம் போன பிறகே சமாதானம் ஆனார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நாம் யார்? பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாயின் பாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் பதினான்கு வயதில் உழைக்கப் போன பெண்ணின் கூலி அவள் கையில் விழவில்லை என்பதும் உண்மை. 1958-இல் 'சோனே கீ சிடியா' என்ற படத்தில், நடிகை ஒருத்தியின் வருமானத்தை உறவினர் உறிஞ்சும் கதையில் அவரே நடித்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். விடுதியில் தங்கி, சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒரு புதுச் செருப்பு வாங்க யோசிக்கும் தங்கைமார் இந்தச் சாலையில் எத்தனை பேர்!

இனி, நாம் சொல்ல வந்த படம். 1973-இல் வந்த 'சௌதாகர்', அதாவது வணிகன். சுதேந்து ராய் இயக்கியது. நரேந்திரநாத் மித்ரா என்ற வங்க எழுத்தாளரின் சிறுகதை. அந்த ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பிய படம். நூதனுக்கு வயது முப்பத்தேழு. கதாநாயகன், அப்போதுதான் பெயரெடுக்கத் தொடங்கியிருந்த அமிதாப் பச்சன்.

வங்கத்துக் கிராமம். மோத்தி என்பவன் ஈச்ச மரமேறி. பனங்காட்டுப் பக்கத்து ஆட்கள் பதநீர் இறக்குவதுபோல ஈச்சமரத்தைச் சீவி, பானை கட்டி, விடியற்காலையில் சாறு இறக்குபவன். அந்தச் சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்குபவள் மஜூபி என்ற விதவை. அவள் வேடம் நூதனுக்கு. சாறு யார் வேண்டுமானாலும் இறக்கலாம். பதம் பார்த்துக் காய்ச்ச ஊரில் அவளை விட்டால் ஆளில்லை. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் கை, கரண்டியைத் தூக்கிப் பாகு ஒழுகுவதைப் பார்க்கும் கண், இறக்க வேண்டிய நொடியை அறியும் மூக்கு. கொஞ்சம் முந்தினால் இளகிப்போகும், கொஞ்சம் பிந்தினால் கருகிப்போகும். அதனால் சந்தையில் மோத்தியின் வெல்லம் என்றால் தனி விலை. மோத்தியின் வெல்லம்! பெயர் அவனுக்கு, பதம் இவளுக்கு.

மோத்திக்கு வேறொரு பெண்மீது ஆசை. பூல்பானு, இளமையும் அழகும் உள்ளவள். அவள் தகப்பன் கேட்கும் மணக்கொடைப் பணம் மோத்தியிடம் இல்லை. கணக்குப் போடுகிறான். மஜூபிக்குக் காய்ச்சுகூலி கொடுப்பதால்தானே கையில் காசு தங்கவில்லை? அவளையே மணந்துகொண்டால்? கூலி மிச்சம்! மணக்கிறான். அவள் அன்பென்று நம்புகிறாள். இரவு பகலாகக் காய்ச்சுகிறாள். பணம் சேர்ந்ததும், அவள் நடத்தைமேல் அபாண்டம் சுமத்தி மணவிலக்குச் சொல்லித் துரத்திவிடுகிறான். அந்தப் பணத்திலேயே பூல்பானுவை மணக்கிறான்.

தோழர்களே, பொருளாதாரப் புத்தகம் படித்துத் தலைசுற்றிய அன்பர்கள் நம்மில் உண்டு. கூலியில்லா உழைப்பு என்றால் என்ன, அந்த உழைப்பில் சேர்ந்த பொருள் எங்கே போகிறது என்பதை இந்த வெல்லக் கதையை விடத் தெளிவாக எந்த வகுப்பில் சொல்லிவிட முடியும்?

பிறகு நடப்பது நமக்கு வியப்பில்லை. பூல்பானு அழகி, ஆனால் அவளுக்கு வெல்லம் காய்ச்ச வராது. கருக்குகிறாள். அடிக்கிறான். அவள்மேல் மட்டும் என்ன பிழை? அந்தத் தொழிலை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? சந்தையில் பழைய வாடிக்கையாளர் மோத்தியின் வெல்லத்தை வாயில் போட்டுத் துப்புகிறார்கள். தொழில் படுக்கிறது. மஜூபியோ, பிள்ளைகளோடு இருந்த வயதான மீன் வியாபாரி ஒருவரை மணந்து, அந்தப் பிள்ளைகளுக்குத் தாயாகி மதிப்போடு வாழ்கிறாள். கடைசியில் மோத்தி சாற்றுப் பானைகளைச் சுமந்துகொண்டு அவள் வாசலிலேயே வந்து நிற்கிறான், காய்ச்சிக் கொடு என்று! அவன் பின்னாலேயே வந்த பூல்பானு வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பதை மஜூபி பார்க்கிறாள். இரு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

'பந்தினி'யை விட இதை நாம் மேலே வைப்பது இதனால்தான். அழகிப் பட்டம் பெற்ற ஒருவர், அழகிக்காகத் தூக்கியெறியப்படும் உழைப்பாளியாக நடித்தார். வேண்டுமானால் தம் முகத்தைக் கொஞ்சம் மினுக்கிக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. வேர்வை, புகை, கரி படிந்த விரல், கலைந்த தலை. துரத்தப்படும் காட்சியில் கூட அழுது புரண்டு கைத்தட்டல் வாங்கப் பார்க்கவில்லை. தன் உழைப்பு களவு போனதைத் தெரிந்துகொண்ட ஆளின் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. பிலிம்பேர் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

1974-இல் அரசு பத்மஸ்ரீ அளித்தது. 1978-இல் வந்த 'மை துளசி தேரே ஆங்கன் கீ' படத்துக்காக ஐந்தாம் முறை சிறந்த நடிகை விருது பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நாலு வருடச் சரக்கு என்றாரே நம் தேநீர்க் கடைத் தோழர், அவர் கணக்கைச் சற்றுத் திருத்திக்கொள்ளட்டும். அந்த ஐந்து விருதுச் சாதனையை 2011-இல்தான் இன்னொருவர் எட்டிப்பிடித்தார். அவர் வேறு யாருமல்ல, தங்கை தனுஜாவின் மகள் கஜோல். பின்னாளில் அம்மா வேடங்களுக்கு வந்தார் நூதன். 'மேரி ஜங்' படத்தின் தாய் வேடத்துக்குத் துணை நடிகை விருது. 'கர்மா' படத்தில் திலீப் குமாருக்கு மனைவியாக நடித்தார்.

1990-இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1991 பிப்ரவரி 21-ஆம் நாள் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் காலமானார். வயது ஐம்பத்து நாலு. அவர் நடித்து முடித்திருந்த 'இன்சானியத்' அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1994-இல்தான் திரைக்கு வந்தது.

'சௌதாகர்' படத்தைப் படிப்பகத்தில் திரையிடலாமா என்று சுங்குவார்சத்திரம் தோழர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். வசனம் இந்தி என்று தயங்க வேண்டாம். நம்மோடு வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தோழர்களையும் அழையுங்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவர்கள் கதை சொல்லட்டும், பதநீர்ப் பதம் தெரிந்த நம் பெரியவர்கள் வெல்லத்தைச் சொல்லட்டும். விடுதியில் இருக்கும் பெண்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், முன்வரிசை அவர்களுக்கு. இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களை மட்டும் கதவோரமாக உட்கார வையுங்கள். பாதியில் எழுந்து போனால் மற்றவர்க்கு மறைக்கும்.